ஏழாம் பாத்தியின் ஜோடி

காசிலிங்கத்தின் தொண்டைக்குள் பாதி மரக்காணம் குடியிருந்தது. பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர், டெலிபோன் பூத்து சுலோசனா அக்கா, மாதா கோயில் பூசையில் நடுவில் இருமுகிற பெரியவர், உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின், அந்த இன்ஜின் நின்றுபோனால் மேஸ்திரி சக்கரபாணி விடுகிற வசவு, எல்லாம் வாடகை தராமல் உள்ளே இருந்தன. மத்தியானம் கஞ்சித் தூக்கைத் திறக்கிற நேரத்தில், "டேய் காசி, மேஸ்திரிய எடுத்து உடுடா" என்று யாராவது கேட்பார்கள். அவன் வயிற்றை முன்னால் தள்ளி, மூக்கை ஒருதரம் உறிஞ்சி, "அதாகப்பட்டது..." என்று இழுப்பான். அந்த ஒரு சொல்லுக்கே பெண்களுக்குக் கஞ்சி புரையேறும். நிஜ மேஸ்திரி பின்னால் வந்து நின்று, "அதாகப்பட்டது, சிரிச்சி முடிச்சாச்சின்னா எழுந்திருக்கலாமா?" என்று கேட்டால், எது அசல் எது நகல் என்று ஒரு நொடி யாருக்கும் விளங்காது.

இத்தனை பேரை உள்ளே வைத்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் குரல் மட்டும் ஆகாது. அது மெல்லிசு. ஆறாவது படிக்கும்போது வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" என்றான். வாத்தியார் தலையைத் தூக்கி, "யார்ரா அது, பசங்க வரிசையில பொண்ணு?" என்றார். மணி அடிக்கும்வரை வகுப்பு சிரித்தது. மறுநாள் காசி அதே "உள்ளேன் ஐயா"வை வாத்தியாரின் குரலிலேயே சொன்னான். முதுகில் பிரம்பு விழுந்தது. ஆனால் சிரிப்பு கட்சி மாறி அவன் பக்கம் வந்துவிட்டது. அதோடு சொந்தக் குரலை மடித்து உள்ளே வைத்துவிட்டான். இருபத்திரண்டு வயதில் வீட்டில் சோறு கேட்பதுகூட ரேஷன் கடைக்காரர் குரலில்தான். "ஒழுங்கா பேசித் தொலையேன்டா" என்று அம்மா கரண்டியை ஓங்குவாள். ஓங்கிய கையோடு சிரித்தும் விடுவாள்.

அவன் வேலை செய்த அளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாத்திக்கு இரண்டு பேர். எதிர் எதிர் வரப்பில் நின்று, நீளக் கழி போட்ட பலகையை நடுவரைக்கும் எறிந்து, உப்பைத் தன் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒருத்தர் சுணங்கினால் பாத்தி ஒரு பக்கம் உப்பு இறுகிக் கட்டிப்போகும். அதனால் தை பிறந்து, தரையை மிதித்து இறுக்குவதற்கு முன்னால், இன்ஜின் கொட்டாய் வாசலில் சூடம் கொளுத்தி, மேஸ்திரி நோட்டைப் பிரித்து ஒவ்வொருத்தரையும் கேட்பார்: "உன் ஜோடி யாரு?" கேட்கப்பட்டவர் தன் வாயால் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் மழை வரும்வரை மாற்றக் கூடாது.

ஜோடி என்றால் பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டிதான். வருஷம் முழுக்கப் புருஷன் பெயரை வாயில் எடுக்காத பெண்களுக்கு அந்த ஒரு நாள் பெரும் சோதனை. "தோ, இந்த ஆளுதான்" என்று முழங்கையால் இடிப்பார்கள். "ஆளுக்குப் பேரு இல்லியா? ஊர்ல எல்லாரும் ஆளுதான்" என்பார் மேஸ்திரி. முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒருத்தி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அளமே கைதட்டும். அந்தப் பெண்களை அப்படியே நடித்துக் காட்டுவதில் காசியை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாயிரத்து ஐந்து தையில் கைதட்டல் குறைவாக இருந்தது. முந்தின மாதம்தான் சுனாமி அலை வந்து போயிருந்தது. பாத்தியெல்லாம் சேறு. காசியோடு ஜோடி போட்டு வந்த அம்மா, "கடல் இருக்கிற திசையில தல வெச்சிகூடப் படுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். மாதா கோயில் தெரு அந்தோணிராஜுக்கும் அதே கதை. அவன் அம்மா சகாயமேரி மகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே கழனிப் பக்கம் களையெடுக்கப் போய்விட்டாள். ஜோடி இல்லாமல் மிஞ்சிய இரண்டு பேரையும் மேஸ்திரி ஏழாம் பாத்தி வரப்பில் நிறுத்தினார்.

"அதாகப்பட்டது, காசிலிங்கம், உன் ஜோடி யாரு?"

காசி மூக்கை உறிஞ்சி, வயிற்றைத் தள்ளினான். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். பக்கத்தில் நின்ற அந்தோணிராஜ், தரையைப் பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "உன் வாயால சொல்லேம்பா."

"அந்தோணிராஜ்" என்றான் காசி.

மெல்லிய குரல்தான். காற்றில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை, அதனால் யாரும் சிரிக்கவும் இல்லை. தன் முறை வந்தபோது அந்தோணிராஜ் "காசிலிங்கம்" என்றான், கடைசி எழுத்துவரைக்கும் முழுசாக.

அந்தோணிராஜ் பேசாத ஆள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசுவான், அதிலும் ஒன்று "ம்". ஒன்றரை மாதம் இரண்டு பேரும் எதிர் எதிர் வரப்பில் நின்று உப்பு வாரினார்கள். பலகையை நடுவுக்கு எறிகிறபோது சில சமயம் இரண்டும் தண்ணீருக்கடியில் முட்டிக்கொள்ளும். முதலில் தவறித்தான் முட்டுகிறது என்று காசி நினைத்தான். பங்குனியில் ஒவ்வொரு எறிக்கும் முட்டியது. "இன்னாபா, என் பலகை மேல உனக்கு இன்னா கோவம்?" என்று சுலோசனா அக்கா குரலில் கேட்டான். அந்தோணிராஜ் "ம்" என்றான். அடுத்த எறியில் இரண்டு தரம் தட்டினான். காசியின் உள்ளங்கையில் இருந்து தோள்பட்டைவரை அது ஏறியது. அன்று சாயங்காலம்வரை அவன் யாருடைய குரலிலும் பேசவில்லை. "காய்ச்சலாடா?" என்று வரப்புக்கு வரப்பு கேட்டார்கள்.

சித்திரை வெயிலில் மற்றவர்கள் வேலமர நிழலுக்குப் போவார்கள். இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற இவர்கள் இரண்டு பேரும் கொட்டாய்க்குப் போவார்கள். உள்ளே இன்ஜின் போடுகிற சத்தத்தில் பேசுவது ஓர் அடி தள்ளி இருந்தாலும் கேட்காது. அதனால் ஓர் அடிக்குள்தான் இருக்க வேண்டியிருந்தது. ஓர் அடி அரை அடியானது. பிறகு அளப்பதற்கு இடைவெளியே இல்லாமல் போனது.

"ஏதாவது பேசு" என்பான் அந்தோணிராஜ்.

"எந்தக் குரல்ல? கண்டக்டரா, மேஸ்திரியா?"

"அன்னிக்கு என் பேர சொன்னியே. அதுல."

காசி பேசினான். மெல்லிசாக, எங்கெங்கோ உடைந்துபோகிற அந்தக் குரலில் ஆறாம் வகுப்பைச் சொன்னான், செத்துப்போன அப்பாவைச் சொன்னான், அலை வந்த அன்றைக்கு எந்தப் பக்கம் ஓடினான் என்று சொன்னான். அந்தோணிராஜ் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். மரக்காணத்தில் அந்தக் குரலுக்கு இருந்த ஒரே ரசிகர் மன்றம் அதுதான். ஒரே ஓர் உறுப்பினர்.

ஐப்பசியில் மழை இறங்கியது. உப்பு அம்பாரத்தைக் கீற்று போட்டு மூடினார்கள். அளம் தண்ணீராகிவிட்டது. அந்தோணிராஜ் கோட்டக்குப்பத்தில் ஒரு பழைய மரச்சாமான் கடைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைக்குப் போனான். பஸ் ஸ்டாண்டில் காசியின் தோள்மேல் கையைப் போட்டான். நண்பர்கள் போடுகிற மாதிரிதான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தைக்கு வந்துருவேன். ஜோடிய மாத்திடாத."

"நான் மாத்துவேனா?"

"சரத்துகிட்ட செல்லு இருக்குது. பாலிஷ் போடுறவன். அவன் நம்பருக்குப் பண்ணு."

காசியைக் குத்திய முதல் முள் அதுதான். தன் ஆளோடு பேசுவதற்கு இன்னொருத்தன் சட்டைப் பையைக் கூப்பிட வேண்டும். சுலோசனா அக்காவின் பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணைச் சுழற்றினால், முதலில் வருவது கணீரென்று ஆம்பளைக் குரல். "சரத்குமார் ஸ்பீக்கிங்" என்பான். காசியே பொறாமைப்படுகிற குரல். அப்புறம் ரிசீவருக்கு அப்பால் கூப்பிடுவது கேட்கும்: "ராஜு! உங்க ஊரு!"

ராஜு. மரக்காணத்தில் அவனை அந்தோணி என்பார்கள், அந்தோணிராஜ் என்பார்கள். ஆறு மாதம் நெஞ்சில் காது வைத்திருந்தும் காசிக்கு ராஜு என்று ஒரு பெயர் அதற்குள் இருப்பது தோன்றவே இல்லை. எவனோ பாலிஷ் போடுகிறவன் ஒரே வாரத்தில் தேய்த்து எடுத்துவிட்டான்.

அந்தோணிராஜோ போனில் இன்னும் மோசம். நேரிலேயே மூன்று வார்த்தை, போனில் ஒன்றரை. "துன்னியா?" "ம்." "வேல?" "போவுது." "நேத்து எங்க போயிருந்த?" "சரத்து வண்டியில பீச்சுக்கு." ஆக அந்த ஒன்றரை வார்த்தையிலும் பாதி சரத்து.

காசி வீட்டுக்கு வந்து, மழை சொட்டுகிற மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சரத்குமார் ஸ்பீக்கிங்" என்று சொல்லிப் பார்த்தான். அசலாக வந்தது. வண்டியை முறுக்கிக் காட்டினான். "ஏறு ராஜு" என்றான். பின்னால் ஏறுகிற அந்தோணிராஜையும் தானே நடித்து, "ம்" என்றான். அந்த "ம்"மில் கொட்டாயில் கேட்ட அதே குழைவு தானாக வந்துவிட்டது.

கார்த்திகையில் ஆரம்பித்தான். ஒருநாள் கண்டக்டர் குரலில் கூப்பிட்டு, பஸ்ஸில் விட்டுப்போன பை யாருடையது என்று கேட்டு, சரத்து சிரிக்கிறானா, பக்கத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று காது கொடுத்தான். இன்னொரு நாள் நாற்காலி வாங்கப் போகிற பாண்டிச்சேரிக்காரர். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே சந்தேகமாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே சுலோசனா அக்கா வாயில் புடவையை வைத்துக்கொண்டு குலுங்குவாள். "யாரடா ஏமாத்துற, பாவி? என் பூத்துக்குப் போலீஸு வந்துரப் போறாங்க."

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போதே அந்த யோசனை வந்துவிட்டது. பூத்துக்குப் போனான். வயிற்றைத் தள்ளி, மூக்கை உறிஞ்சினான்.

"அதாகப்பட்டது, மரக்காணம் சக்கரபாணி மேஸ்திரி பேசுறேன். அந்தோணிராஜக் கூப்புடு தம்பி."

"சரிங்கய்யா. ராஜு! உங்க மேஸ்திரி!"

செருப்பு ஓடிவருகிற சத்தம் கேட்டது. தான் கூப்பிடும்போது அவன் இப்படி ஓடி வந்ததில்லையே என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்தான்.

"சொல்லுங்க மேஸ்திரி. அங்க மழையா?"

"மழை கெடக்குது. வர்ற தைக்கு நான் ஜோடிய மாத்தலாம்னு பாக்குறேன். காசிலிங்கத்த நம்ம அளத்து அர்ச்சுனன்கூடப் போடுறேன். உன்ன வேற யார்கூடயாவது போட்டுக்கலாம். நீ இன்னா சொல்ற?"

மாட்டேன் என்று அவன் சொல்ல வேண்டும். காசிக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்டுவிட்டால் போனை வைத்துவிட்டு நேராகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக இருந்தான்.

மறுமுனையில் எங்கோ சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது. அது பத்துப் பதினைந்து அடி அடித்த பிறகு பதில் வந்தது.

"உங்க இஷ்டம் மேஸ்திரி."

காசி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"காசிக்குத் தெரியுமா?" என்று கேட்டான் அந்தோணிராஜ்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். சிரித்துவிட்டு, "நான்தான்டா" என்று சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும். "உங்க இஷ்டம்" காதில் குத்திக்கொண்டு நின்றது. பதிலுக்கு அவனையும் குத்த வேண்டும்போல இருந்தது.

"தெரியுமே. அவன்தான் மொதல்ல சரின்னான்."

"அவனே சொன்னானா?"

"அவன் வாயாலயே."

"சரிங்க மேஸ்திரி." போன் வைக்கப்பட்டது.

காசி கதவைத் திறந்து வெளியே வந்தான். "இன்னிக்கு மேஸ்திரி அசத்திட்டாருடா" என்றாள் சுலோசனா அக்கா. பேர் போன நடிகன் மழையில் நடந்து போனான்.

நான்கு நாள் கழித்து மேஸ்திரி சக்கரபாணி அவன் வீட்டு வாசலுக்கே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கையில் குடை.

"அதாகப்பட்டது, ஏன்டா, என் குரல்ல போன் பண்ணியா?"

காசி எழுந்து நின்றான்.

"கம்முனு நிக்காத. செவ்வாக்கெழம மத்தியானம் அந்த அந்தோணிப் பையன் தொப்பலா நனஞ்சிக்கினு என் வீட்டுக்கு வந்தான். வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கான். நான் சாப்புட்டுக்கினு இருக்கேன், நேரா வந்து நின்னுக்கினு" என்று மேஸ்திரி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்து, அந்தோணிராஜைப்போல நடிக்கத் தொடங்கினார். "'மேஸ்திரி, காசி சரின்னு சொல்லியிருக்க மாட்டான். நீங்க அவன என் முன்னால கூப்புட்டுக் கேளுங்க. அவன் இல்லாம நான் அளத்துல எறங்க மாட்டேன். அவன்கூட இல்லன்னா எனக்கு உப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம்.' என் சம்சாரம் கையில கரண்டியோட நிக்கிறா. இன்னாடா இவன், பொண்டாட்டிய அனுப்பிட்ட மாதிரி வந்து அழுவுறானேன்னு எனக்கு ஒண்ணும் புரியல."

மேஸ்திரிக்கு மிமிக்ரி சுத்தமாக வராது. மூக்கால் பேசினார். அந்தோணிராஜின் குரலில் இருக்கிற தடிப்பு இல்லை, மெதுவாக வார்த்தை தேடுகிற அந்த இடைவெளி இல்லை. காசி ஒரு வருஷமாகக் காத்திருந்த வாக்கியம், இப்படிக் குடைக்காரர் ஒருவர் வாயில் மூக்கடைப்போடு வந்து சேர்ந்தது.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் இன்னா? 'நான் எங்கடா உனக்குப் போன் பண்ணேன்'னேன். அப்படியே நின்னான். 'அதாகப்பட்டதுன்னு சொல்லி ஆரம்பிச்சீங்களே'ன்னான். எனக்கே வெளங்கிருச்சி, அவனுக்கு வெளங்காதா? ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சான். பஸ்ஸுக்குப் போய்ட்டான்."

"என்னைப் பாக்க வரேன்னு ஏதாவது..."

"ஒண்ணும் சொல்லல." மேஸ்திரி குடையை எடுத்துக்கொண்டார். "நாலு பேரு சிரிக்கட்டும்னு என்னைச் செஞ்சி காட்டு, நான் கேக்கல. என் வாயால பொய் சொல்லாத."

மறுநாள் காசி பஸ் ஏறினான். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். கடை வாசலில் பழைய கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பீரோவின் முன்னால் உட்கார்ந்து அந்தோணிராஜ் தேய்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் மரத்தூள். நிமிர்ந்து பார்த்தான். எழுந்து கதவுகளுக்குப் பின்பக்கம் நடந்தான். காசி பின்னாலேயே போனான்.

பயம் வந்தால் அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். "கோட்டக்குப்பம் எறங்கு, கோட்டக்குப்பம்! எறங்குறவன்லாம் முன்னால வா!" என்றான், கண்டக்டராக. எத்தனை கோபத்திலும் அந்தோணிராஜ் சிரித்துவிடுகிற குரல் அது.

அவன் சிரிக்கவில்லை. "இப்ப நீ யாரு?" என்றான்.

"சும்மா வெளையாட்டுக்குத்தான்பா அன்னிக்கி..."

"வெளையாட்டா? ரெண்டு நாளு நான் சோறு துன்னல."

"நீ மட்டும் 'உங்க இஷ்டம்'னு சொல்லலாமா?"

"பின்ன இன்னா சொல்றது? எட்டு பேரு வேல செய்யுற எடத்துல, இன்னொருத்தன் செல்லப் புடிச்சிக்கினு, அவன் என் உசுருன்னு கத்தணுமா? அதச் சொல்லத்தான்டா பஸ் ஏறி வந்தேன்." அவ்வளவு நீளமாக அவன் பேசிக் காசி கேட்டதே இல்லை.

"சரத்து..." என்று வாயெடுத்தான் காசி.

"அவனுக்கு வைகாசில கல்யாணம். கிளியனூர்ப் பொண்ணு. பத்திரிகைக்குப் பேரு கேட்டான். உன் பேரையும் குடுத்தேன்."

கடைக்குள் யாரோ "ராஜு" என்று கூப்பிட்டார்கள். அந்தோணிராஜ் பதில் கொடுக்கவில்லை. கையிலிருந்த உப்புத்தாளை மடித்தான், பிரித்தான்.

"ஊருக்கெல்லாம் நூறு கொரலு குடுத்த. எனக்கு ஒண்ணு குடுத்த. இனிமே அதக் கேட்டாலும், இது அவன்தானா, இல்ல இதுவும் செஞ்சி காட்டுறானான்னு யோசிப்பேன். என்னால அப்படி இருக்க முடியாது."

காசி வாயைத் திறந்தான். உள்ளே அத்தனை பேரும் பேசத் தயாராக வரிசையில் நின்றார்கள். தன்னுடையது மட்டும் வரவில்லை. அந்தோணிராஜ் கொஞ்ச நேரம் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான். அப்புறம் பீரோவுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

தை வந்தது. இன்ஜின் கொட்டாய் வாசலில் சூடம் எரிந்தது. பெண்கள் திரும்பி வந்திருந்தார்கள். முழங்கை இடியும் கைதட்டலும் பழையபடி நடந்தன. சாலையில் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் காசி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று போய்விட்டன.

"ஏழாம் பாத்தி. காசிலிங்கம், உன் ஜோடி யாரு?"

யாரோ, "மேஸ்திரி கொரல்லயே சொல்லுடா" என்றார்கள்.

"அந்தோணிராஜ்" என்றான் காசி. மெல்லிசாக, ஆனால் இந்தத் தடவை வரிசைக் கடைசிவரை கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் அப்படியே நின்றான்.

"அவன் எங்க?"

"வரல."

"வராதவன எப்படிடா எழுதுறது? தோ, அர்ச்சுனன் சும்மாத்தான நிக்கிறான்."

"அவன் பேரையே எழுதுங்க மேஸ்திரி. ரெண்டு வரப்பும் நானே வாருறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"என் வாயால சொல்லிட்டேன். மாத்தக் கூடாதில்ல?"

மேஸ்திரி மூக்கை உறிஞ்சினார். "அதாகப்பட்டது, பங்குனி வரைக்கும். ஒரு பக்கம் கட்டிப்போச்சின்னா ஆள எறக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

ஒருத்தனே இரண்டு வரப்பு என்றால், ஒரு பக்கம் இழுத்து முடித்துவிட்டுப் பாத்தியைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். மற்ற ஜோடிகள் உட்காரும்போது அவன் சுற்றி வந்துகொண்டிருப்பான். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரியும். எதிர் வரப்பில் போகும்போது அந்தோணிராஜின் பலகையைத்தான் எடுப்பான். அதன் கழியில் கை பிடிக்கிற இடம் வேறு உயரத்தில் வழவழத்திருந்தது. நடுவுக்கு எறிந்தால் பலகை ஒன்றின்மேலும் முட்டாமல் தானே நழுவித் திரும்பி வரும். பங்குனி போயிற்று. பாத்தி கட்டிப்போகவில்லை. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, எட்டாம் பாத்திக்குப் போனார். மத்தியானத்தில், "டேய் காசி, ஒரு கொரலு போடுறா" என்று கேட்டுப் பார்த்தார்கள். "தொண்ட சரியில்ல" என்பான், தன் குரலில். ரொம்ப நாளைக்கு அதையே புது மிமிக்ரி என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்துக்குப் போனான்.

"இன்னாடா, இன்னிக்கு எந்த வேஷம்?" என்பாள் சுலோசனா அக்கா.

"நான்தான்கா."

எண்ணைச் சுழற்றுவான். "சரத்குமார் ஸ்பீக்கிங்."

"மரக்காணம் காசிலிங்கம் பேசுறேன். அந்தோணிராஜ் இருக்கானா?"

கை வைத்துப் போனை மூடுகிற சத்தம். பிறகு, "வெளிய போயிருக்கான்ண்ணே." முதல் இரண்டு வாரம் பட்டென்று சொன்னான். ஐந்தாவது வாரத்தில் அவன் குரலிலேயே வருத்தம் இருந்தது. "சொல்லிப் பாக்குறேன்ண்ணே. நான் இன்னா பண்ணட்டும்" என்றான். பின்னால் உப்புத்தாள் தேய்கிற சத்தம், மூடிய கையையும் மீறிக் கேட்கும். நீளமாக இரண்டு இழுப்பு, குட்டையாக ஒன்று. உப்பு வாருகிற அதே கை.

காசிக்கு ஒரு வழி தெரியும். சகாயமேரியின் குரல் அவனிடம் இருந்தது. "ஏம்பா சரத்து, எம் புள்ளையக் கொஞ்சம் கூப்புடு சாமி" என்று ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும். செருப்பு ஓடிவரும். ரிசீவரில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும். "இன்னாமா?" என்கிற அந்தக் குரல் கேட்கும். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குரல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அதை விழுங்கிவிட்டு, "அப்படியா, சரி. நான் கூப்புட்டன்னு சொல்லு" என்று வைத்தான்.

வைகாசியில், சரத்குமாரின் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வைக்கப் போனபோது எடுக்கப்பட்டது. ஸ்பீக்கிங் எதுவும் வரவில்லை.

"மரக்காணம் காசிலிங்கம் பேசுறேன்" என்றான்.

தேய்க்கிற சத்தம் இல்லை. ஒருத்தர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் இருந்தது. அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். கண்ணாடிக்கு வெளியே சுலோசனா அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"மறுக்கா சொல்லு" என்றது அந்தப் பக்கம்.

"மரக்காணம் காசிலிங்கம். ஏழாம் பாத்தி." நடுவில் உடைந்தது. சரிசெய்து சொல்ல அவன் முயலவில்லை.

அங்கே உப்புத்தாளை மடித்துப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்டியாவா உப்பு வார்ற?" என்று கேட்டான் அந்தோணிராஜ்.

"ம்."

"என் பலகையில ஆணி தளர்ந்திருக்கும். பாத்து எடு, கையக் கிழிச்சிரும்."

"அடிச்சிட்டேன்."

"ம்" என்றான் அந்தோணிராஜ். போன் வைக்கப்பட்டது.

காசி கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தான். பிறகு வெளியே வந்தான். அடுத்த ஞாயிறு போனபோது, "வெளிய போயிருக்கான்ண்ணே" என்றான் சரத்குமார். அதற்கடுத்த ஞாயிறும் காசி போனான்.